கழுத்தின் நடுவே ஒரு கட்டி

தைராய்டுச் சுரப்பி கருவில் நாக்கின் அடியில் தோன்றிக் கழுத்துக்கு இறங்கி வருகிறது. வழியில் தங்கிவிடும் திசு, பின்னாளில் கழுத்தின் நடுவே நீர்க்கட்டியாகத் தலைகாட்டலாம். நாக்கை நீட்டினால் அது மேலேறும். இத்தகைய கட்டிகளில் ஏறத்தாழ நூற்றில் 1இல் புற்றுநோய் காணப்படுகிறது.

வாலிநோக்கத்திலிருந்து இராமநாதபுரம் வந்து செல்ல ஒருநாள் கூலியை இழக்க நேரிடும் என்பதை அறிவோம். ஆயினும் இரு சோதனைகளைத் தவிர்க்கலாகாது என்பதே எங்கள் கருத்து. அறுவைக்கு முன் ஸ்கேன்: சிலருக்குக் கட்டியாகத் தெரிவதே உடலிலுள்ள ஒரே தைராய்டாக இருக்கக்கூடும். அறுவைக்குப் பின் திசுப் பரிசோதனை: இப்புற்றுநோய் பெரும்பாலும் அதில்தான் தெரியவருகிறது. உரிய சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆகவே, அகற்றிய கட்டியின் பரிசோதனை அறிக்கையைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள்.