மாவுக்கட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்

எலும்பு முறிந்தவரை அழைத்து வரும் குடும்பத்தாரிடம் மாவுக்கட்டு போடப் போகிறோம் என்றதும், அவர்களுடைய முகம் சற்று வாடுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். "ஃபைபர் கட்டே போட்டுடுங்க டாக்டர், செலவைப் பத்தி யோசிக்க வேண்டாமுங்க" என்பார்கள். வெண்மாவு வசதியற்றவர்களுக்கு உரியது, வண்ணத்தில் வரும் செயற்கை இழைக்கட்டே உயர்ந்தது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கட்டுப் போட்டே குணப்படுத்தக்கூடிய பெரும்பாலான முறிவுகளுக்கு, முதல் சில நாள்களில் ஜிப்சத்தால் ஆன பழைய மாவுக்கட்டே தக்கது என்று கருதுகிறோம். அதற்கு முதற்காரணம் விலையன்று, அக்கனிமத்தின் மென்மை.

கனிமங்களின் கடினத்தை அளக்க 1812ஆம் ஆண்டில் பிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஓர் எளிய வழி வகுத்தார். எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறுகிறது என்று பார்த்துப் பத்துப் படிகளாக அடுக்கினார். முதற்படியில் டால்க். சேலத்துப் பக்கத்துக் கல்சட்டிகளைக் கடையும் மாக்கல்லில் மிகுந்திருப்பது அதுவே. இரண்டாம் படியில் ஜிப்சம், பத்தாம் படியில் வைரம். நம் விரல் நகம் ஏறத்தாழ இரண்டரை. ஆகவே ஜிப்சக் கல்லை நகத்தாலேயே கீறிவிடலாம். காங்கேயத்தை அடுத்த படியூரில் முற்காலத்தில் வெட்டியெடுக்கப்பட்ட பெரில் என்னும் நீலப்பச்சை மணிக்கல்லோ ஏழரைக்கும் மேல். எலும்புக்கு உறுதி தரும் கனிமம் அபடைட் வகையைச் சேர்ந்தது. அவ்வகைக்கு மோஸ் கொடுத்த இடம் ஐந்து. ஐந்தாம் படியில் உள்ளதை இரண்டாம் படியில் உள்ளது எவ்வாறு காக்கும் என்று கேட்கத் தோன்றும். கடினம் என்பது கீறலைத் தாங்கும் திறனே தவிர, உடையாமல் நிற்கும் திறன் அன்று. கருங்கல் அம்மியைக் கத்தியால் கீற இயலாது. ஆயினும் கை தவறினால் அது இரண்டாகிவிடும்.

ஜிப்சம் நம் பகுதியினருக்குப் புதிய பொருளன்று. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது செடியோரம் இடுவதை உழவர்கள் அறிவார்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் காய் பொக்காகாமல் திரள உதவுகின்றன. களர் நிலத்தைத் திருத்தவும் அதையே இடுகிறோம். சிமெண்ட் ஆலைகளில் அரைக்கும்போது சிறிதளவு ஜிப்சம் சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால், தண்ணீர் ஊற்றியவுடனேயே கலவை இறுகிப்போய்க் கொத்தனாருக்குப் பூச நேரம் இராது. வீட்டின் பொய்க்கூரையிலும், பல் மருத்துவர் எடுக்கும் பல் அச்சிலும் இருப்பது இதுவே. இதைக் கேட்டுவிட்டுச் சிலர், கட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் இறங்கி அதைச் சேர்க்குமா என்று வினவுகிறார்கள். இறங்காது. எலும்பு தானாகவே கூடுகிறது. கட்டின் வேலை அதை அசையாமல் வைத்திருப்பது மட்டுமே.

ஜிப்சத்தின் படிகத்துக்குள் நீர் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அந்நீரில் முக்கால் பங்கு போய்விடும். எஞ்சுவதே பாரிஸ் சாந்து என்னும் வெண்தூள். பாரிஸ் நகரத்து மொன்மார்த்ர் குன்றின் ஜிப்சச் சுரங்கங்களால் வந்த பெயர் அது. இத்தூளில் மீண்டும் நீர் பட்டதும், இழந்ததை வாங்கிக்கொண்டு, ஊசி போன்ற நுண்படிகங்களாக ஒன்றோடொன்று பின்னிச் சில நிமிடங்களில் இறுகுகிறது. இதற்கு முன்பு ஐரோப்பிய மருத்துவர்கள் உண்மையாகவே மாவுக்கஞ்சியில் தோய்த்த துணியைச் சுற்றினார்கள். அது காய இரண்டு மூன்று நாள்கள் பிடித்தது. அதற்குள் எலும்பு நகர்ந்துவிடும். 1851இல் அந்தோனியஸ் மத்தைசன் என்ற டச்சுப் படை மருத்துவர், பருத்தித் துணியில் பாரிஸ் சாந்துத் தூளைத் தேய்த்து, நனைத்துச் சுற்றும் முறையைக் கண்டார். இன்று எங்கள் கட்டு அறையில் நாங்கள் பிரிக்கும் சுருளும் அதன் வழி வந்ததுதான். நம் நாட்டு வைத்தியர்கள் முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதிலும் இதே கருத்துத்தான்: ஈரத்தில் வளைந்து, காய்ந்தபின் நிற்க வேண்டும்.

அந்த வளையும் நேரந்தான் எங்களுக்கு முக்கியம். இறுகுவதற்கு முன்னுள்ள சில நிமிடங்களில், உள்ளங்கையால் அழுத்தி அவரவர் மணிக்கட்டின் வளைவுக்கும் கணுக்காலின் மேட்டுக்கும் ஏற்ப மாவை வடிக்க முடிகிறது. இழைக்கட்டு அத்தனை இணக்கமாக வளைந்து கொடுப்பதில்லை. மேலும், முறிந்த இடம் முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு வீங்கும். ஆகையால் சுற்றி வளைக்காமல் ஒரு பக்கம் மட்டும் மாவு வைத்த அரைக்கட்டாகப் போட்டுத் துணியால் சுற்றிவிடுகிறோம்; வீக்கம் மிகுந்தால் உடனே தளர்த்தலாம். வீக்கம் வடிந்து எலும்பும் ஓரளவு பிடித்தபின், எடை குறைந்த இழைக்கட்டுக்கு மாறுவதை நாங்களே பரிந்துரைப்பதும் உண்டு.

கட்டு இறுகும்போது சூடு தெரியும். அது இயல்பு, ஆனால் அந்நேரத்தில் கம்பளியாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடினால் தோல் வெந்துபோகக்கூடும். தொட்டால் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளீரம் முழுதும் உலர ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். அதுவரை விரல் நுனியால் பிடித்துத் தூக்காதீர்கள். விரல் பதிந்த பள்ளம் உள்ளே முட்டித் தோலைப் புண்ணாக்கும். உள்ளங்கையால் ஏந்தித் தலையணை மேல் வையுங்கள். அரிப்பெடுத்தால் குச்சி, ஊசி எதையும் உள்ளே விட வேண்டாம்.

இனிச் சொல்வது இவ்விதழில் நாங்கள் எழுதுவனவற்றுள் மிக முக்கியமானது. "கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும், பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கோ" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தென்னையிலிருந்து விழுந்தவரும் வண்டியிலிருந்து விழுந்தவரும் அதைக் கேட்டு இரவு முழுதும் பொறுத்திருக்கிறார்கள். கட்டுப் போட்டபின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கையையோ காலையோ உயர்த்தி வைத்தும், மாத்திரை கொடுத்தும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், விரல்கள் மரத்தாலோ, வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர் போவதுபோல் வலித்தாலோ, உள்ளே தசை இரத்தம் இன்றித் தவிக்கிறது என்று ஐயுற வேண்டும். சில மணி நேரம் கடந்தால் அத்தசை மீளாது. கையே பயனற்றுப் போகலாம். மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திராதீர்கள். விடியட்டும் முதல் பேருந்தில் போகலாம் என்றும் இராதீர்கள். வால்பாறையிலோ சத்தியமங்கலத்து மலையூரிலோ இருப்பவர்கள் எங்களிடமேதான் வர வேண்டும் என்பதில்லை. 108ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; மாவுக்கட்டைப் பிளந்து தளர்த்துவதற்குச் சில நிமிடங்கள் போதும். மூங்கில் பத்தைக் கட்டுப் போட்டவர்களுக்கும் இது முழுதும் பொருந்தும். எந்தப் பொருளால் கட்டினாலும் இறுக்கம் மிகுந்தால் விளைவு ஒன்றே. கட்டு வீணாகிவிடுமே என்று எவரும் தயங்க வேண்டாம், வேறு கட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

குறித்த காலம் முடிந்து கட்டைப் பிரிக்கும் நாளில் குழந்தைகள் மட்டுமல்லர், பெரியவர்களும் அந்த அரத்தின் ஓசைக்கு அஞ்சுகிறார்கள். அதன் தகடு சுழல்வதில்லை. நூலளவு இப்படியும் அப்படியும் அதிர்கிறது. அசையாத மாவு வெட்டுப்படும், தோலோ அதிர்வோடு சேர்ந்து அசைந்து கொடுப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். தகடு சூடேறுவதுண்டு, சுடுவதுபோல் தோன்றினால் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவோம். பலர் வீட்டிலேயே தண்ணீரில் ஊறவைத்துக் கத்திரியால் வெட்டப் பார்க்கிறார்கள், அதில்தான் தோல் கிழிகிறது. உள்ளிருந்து வரும் கை மெலிந்து, தோல் செதிலாக உரியும். வெதுவெதுப்பான நீரால் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும், தேய்த்து உரிக்க வேண்டியதில்லை. வெட்டிய கட்டை நினைவுக்காகக் கேட்பவர்கள் உண்டு. ஜிப்சந்தானே, கடலைக் காட்டில் போட்டுவிடலாமே என்று கேட்டவரும் உண்டு. சீழோ குருதியோ பட்ட கட்டைத் தர இயலாது. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி அதன் இடம் மஞ்சள் பை.