விழாவே வண்டி ஏறியது!

அமெரிக்க ஜாஸ் கோஷ்டி ஊர் ஊராகப் போனது ஏன்?

திருவிழா என்றால் ஓர் ஊரில் நடக்கும். ஜனங்கள் வண்டி பிடித்து அங்கே போவார்கள். இதுதான் உலக வழக்கம்.

விழாவே வண்டி ஏறி ஜனங்களைத் தேடிப் போனால்?

அமெரிக்காவில் அப்படி நடந்திருக்கிறது. அந்த விழாவின் பெயர் மாண்டரே ஜாஸ் விழா. அது 1958-ல் தொடங்கியது. பொன்விழா வந்தபோது, பெயர் பெற்ற கலைஞர்களைப் பொறுக்கி எடுத்து ஒரு கோஷ்டி சேர்த்தார்கள். அந்தக் கோஷ்டி 2008-ல் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தது.

அதோடு நிற்கவில்லை. 55-வது ஆண்டு நிறைவுக்காக 2013-ல் ஒரு கோஷ்டி போயிற்று. 60-வது நிறைவுக்காக 2019-ல் ஒன்று. 65-வது நிறைவுக்காக 2023-ல் இன்னொன்று.

இது வெறும் கொண்டாட்டமா? அல்லது இதற்குப் பின்னால் வேறு கணக்கு இருக்கிறதா?

குதிரை மைதானத்தில் பிறந்த விழா

கலிபோர்னியாவில் கடற்கரையை ஒட்டிய சிறு ஊர் மாண்டரே. அங்கே ஒரு பொருட்காட்சி மைதானம் இருக்கிறது. அதில் குதிரைக் காட்சி நடக்கும் ஓர் அரங்கம் உண்டு.

1958-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்த அரங்கத்தில் குதிரைகள் இல்லை. பாட்டுக்காரர்கள் இருந்தார்கள்!

ஜிம்மி லயன்ஸ் என்பவர் ரேடியோவில் இசைத்தட்டு போடும் வேலை செய்தவர். ரால்ப் கிளீசன் பத்திரிகைகளில் சங்கீதத்தைப் பற்றி எழுதியவர். இந்த இருவரும் சேர்ந்துதான் விழாவைத் தொடங்கினார்கள்.

லூயி ஆம்ஸ்டிராங் வந்தார். டிஸ்ஸி கில்லெஸ்பி வந்தார். பில்லி ஹாலிடே என்ற பெரிய பாடகியும் வந்து பாடினார். அடுத்த ஆண்டு ஜூலை மாதம் அந்த அம்மையார் காலமாகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 44தான்.

இது லாபத்துக்காக நடக்கும் விழா அல்ல. மிச்சப்படும் பணம் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் வரும் கதைக்கு இதுவே ஆணிவேர்.

ஜாஸ் என்றால் என்ன?

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பு மக்கள் பெற்றெடுத்த சங்கீதம். அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் அது வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் பரவியது.

டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம் இவையெல்லாம் அதன் வாத்தியங்கள். எல்லாரும் முதலில் ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டை வைத்துக்கொண்டு அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். இன்று வாசித்தது போல் நாளை வாசிக்கமாட்டார்கள்.

நம் வித்வான்கள் கற்பனை ஸ்வரம் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். ராகம் வேறு, தாளம் வேறு. ஆனால் மேடையிலேயே கற்பனை பிறக்கவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

82 வயதில் சுற்றுப்பயணம்

2008-ல் புறப்பட்ட பொன்விழாக் கோஷ்டியில் ஆறு பேர். டிரம்பெட் வாசித்தவர் டெரன்ஸ் பிளான்சார்ட். பாடியவர் நீனா பிரீலன். பியானோ பென்னி கிரீன். பாஸ் டெரிக் ஹாட்ஜ். டிரம் கென்டிரிக் ஸ்காட்.

ஆறாவது ஆள்தான் ஆச்சரியமான ஆள். அவர் பெயர் ஜேம்ஸ் மூடி. சாக்ஸபோன் வித்வான். புறப்படும்போது அவருக்கு வயது 82!

பிறவியிலேயே அவருக்குக் காது மந்தம். அப்படிப்பட்டவர் சங்கீதத்தில் பெரிய ஆளானார். இரண்டாவது உலகப் போரின்போது விமானப் படையில் இருந்தார். கறுப்பர்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. போர் முடிந்த பிறகு 1946-ல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் கோஷ்டியில் சேர்ந்தார்.

டிரம் வாசித்த ஸ்காட்டுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் பிறந்தபோது மூடி ஐம்பது வயதைத் தாண்டியவர்! தாத்தாவும் பேரனும் ஒரே மேடையில் உட்கார்ந்தது போன்ற காட்சி அது.

2010-ம் ஆண்டு டிசம்பரில் மூடி காலமானார். அந்தச் சுற்றுப்பயணம் நடக்காமல் இருந்திருந்தால் எத்தனையோ ஊர்க்காரர்கள் அவரை நேரில் கேட்டிருக்கமாட்டார்கள். இளைஞர்களும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றிருக்கமாட்டார்கள்.

நட்சத்திரங்கள் கூடினால் பாட்டு கூடுமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பெரிய வித்வான்கள் ஆறு பேரை ஒரே மேடையில் உட்கார வைத்துவிட்டால் நல்ல கச்சேரி ஆகிவிடுமா?

ஆகாது. ஆறு சமையற்காரர்கள் ஒரே அடுப்பில் நின்றால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

"நட்சத்திரக் கோஷ்டி" என்றாலே விமர்சகர்களுக்குச் சந்தேகம் வரும். ஒருவர் வாசிப்பார், கைதட்டல் வாங்குவார். அடுத்தவர் வாசிப்பார், கைதட்டல் வாங்குவார். எல்லாரும் வணங்கிவிட்டுப் போய்விடுவார்கள். அது கோஷ்டி அல்ல, அணிவகுப்பு!

பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்த கோஷ்டிக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் மூச்சை இழுத்தால் அடுத்தவருக்கு விஷயம் தெரியும். ஒரே ஒரு நாள் கூட்டிச் சேர்த்த கோஷ்டிக்கு அது வராது.

இதற்குச் சுற்றுப்பயணமே மருந்து. வாரக்கணக்கில் ஒன்றாகப் பயணம் செய்கிறார்கள். ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். இரவுக்கு இரவு அதே ஆட்களோடு வாசிக்கிறார்கள். யார் எப்போது விட்டுக்கொடுப்பார், யார் எப்போது பாய்வார் என்பது பிடிபட்டுவிடுகிறது. இசையை நடத்த ஒருவரைப் பொறுப்பாக வைப்பதும் உண்டு. 2013-ல் அந்தப் பொறுப்பை ஏற்றவர் கிறிஸ்டியன் மக்பிரைட். 2019-லும் 2023-லும் பியானோ வாசித்த கிறிஸ்டியன் சாண்ட்ஸ்.

முன்வரிசையில் மூன்று பெண்கள்

2019-ல் போன கோஷ்டியைப் பார்த்தவர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். முன்வரிசையில் நின்ற மூவரும் பெண்கள்.

செசில் மக்லோரின் சால்வன்ட் பாடகி. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மூன்றாவது தடவையாக கிராமி பரிசு வாங்கியிருந்தார். பிரியா ஸ்கோன்பெர்க் டிரம்பெட் வாசிப்பவர், கனடாக்காரர். மெலிசா அல்டானா சாக்ஸபோன் வாசிப்பவர், சிலி நாட்டுக்காரர். பாஸ் வாசித்த யசுஷி நகமுரா டோக்கியோவில் பிறந்தவர்.

ஜாஸில் பெண்கள் என்றால் பாடுவதற்கும் பியானோவுக்கும்தான் என்று வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஆண்பிள்ளை வாத்தியம் என்ற நினைப்பு. அந்த நினைப்பை எந்தப் பிரசங்கமும் செய்யாமல் ஒரு கோஷ்டி உடைத்துக்காட்டியது.

தூதர் வேலை

ஜாஸ் கோஷ்டிகள் ஊர் ஊராகப் போவது புதிதல்ல. ஒரு காலத்தில் அமெரிக்க சர்க்காரே அவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலம் அது. "எங்கள் நாட்டில் எவ்வளவு சுதந்திரம் பாருங்கள்!" என்று உலகத்துக்குக் காட்டவேண்டியிருந்தது.

டேவ் புரூபெக் என்ற பியானோ வித்வானின் கோஷ்டி 1958-ல் அப்படித்தான் இந்தியாவுக்கு வந்தது. சென்னைக்கும் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மாண்டரேயின் முதல் விழாவில் புரூபெக் வாசித்தார்.

வெளிநாட்டில் தூதர் மரியாதை. சொந்த நாட்டில்?

1957-ல் லிட்டில் ராக் என்ற ஊரில் கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்தார்கள். லூயி ஆம்ஸ்டிராங்குக்குக் கோபம் வந்தது. சர்க்கார் சார்பில் ரஷ்யாவுக்குப் போவதாக இருந்த பயணத்தை வேண்டாம் என்று உதறினார்.

புரூபெக் வெள்ளைக்காரர். அவருடைய கோஷ்டியில் பாஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பர். 1960-ல் தென் மாநிலக் கல்லூரிகளில் 25 கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. "கறுப்பர் வேண்டாம், வேறு ஆளைக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். புரூபெக் மறுத்தார். பெரும்பாலான கச்சேரிகள் ரத்தாயின. பணம் போயிற்று, மானம் நின்றது!

இந்த முரண்பாட்டையே வைத்து புரூபெக்கும் அவருடைய மனைவி அயோலாவும் ஓர் இசை நாடகம் எழுதினார்கள். "உண்மையான தூதர்கள்" என்று அதற்குப் பெயர். 1962-ல் மாண்டரே மேடையில் ஆம்ஸ்டிராங்கே அதில் பாடினார்.

ஆகவே, மாண்டரேயின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு கோஷ்டி புறப்படும்போது இந்தச் சரித்திரமும் கூடவே போகிறது. முன்பு சர்க்காருக்காகப் போனார்கள். இப்போது சங்கீதத்துக்காகவே போகிறார்கள்.

மூன்று நாள் வருமானம்

சரி, கணக்குக்கு வருவோம். மாண்டரே விழா செப்டம்பர் மாதத்தில் மூன்று நாள் நடக்கிறது. மற்ற நாட்களில் விழாவின் பெயர் யார் காதில் விழும்? சுற்றுப்பயணம் போனால் விழும்.

கலிபோர்னியாவுக்குப் பல நூறு மைல் தள்ளி இருக்கும் ஊர்க்காரர் விழாவுக்கு வரமுடியாது. அந்த ஊர் அரங்கத்தை நடத்துபவரால் ஆறு நட்சத்திரங்களைத் தனித்தனியாகத் தேடிப் பிடிக்கவும் முடியாது. விழாவே கோஷ்டி சேர்த்துக் கொடுத்தால் வேலை சுலபம். பெரிய பெயரைக் கேட்டு டிக்கெட் வாங்க வருகிறவர், கூடவே வந்த இளைஞரின் பெயரையும் தெரிந்துகொண்டு போகிறார்.

இன்னொரு விஷயமும் உண்டு. மூன்றே நாளை நம்பி வாழும் விழாவுக்கு அந்த மூன்று நாள் தவறினால் என்ன கதி? 2020-ல் அது நடந்தது. கொரோனா வந்தது. மைதானத்தில் ஜனங்கள் கூடமுடியவில்லை. விழாவை இண்டர்நெட்டில் மட்டும் நடத்தினார்கள். 2021-ல் மேடைகளையும் கூட்டத்தையும் குறைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்கள்.

உடைந்த தாடை

அந்தக் கெட்ட காலத்துக்குப் பிறகு போனதுதான் 2023-ம் ஆண்டுக் கோஷ்டி. டீ டீ பிரிட்ஜ்வாட்டரும் கர்ட் எல்லிங்கும் பாடினார்கள். சாக்ஸபோன் வாசித்தவர் லக்கீசியா பெஞ்சமின் என்ற பெண்மணி.

2021-ல் அவர் கார் விபத்தில் சிக்கினார். தாடை எலும்பு உடைந்தது. சாக்ஸபோன்காரருக்குத் தாடை போனால் பிழைப்பே போனது போலத்தான்! அவர் விடவில்லை. மறுபடி எழுந்தார். நெருப்பிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையின் பெயரை 2023-ல் தம் இசைத்தொகுப்புக்கு வைத்தார்.

கீழே விழுந்து எழுந்த விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் ஏது?

மாணவன் திரும்பி வந்தான்

2008-லும் 2013-லும் பியானோ வாசித்த பென்னி கிரீன், பள்ளி மாணவனாக இருந்தபோதே மாண்டரேயின் மாணவர் கோஷ்டியில் வாசித்தவர். அந்தப் பையன்தான் வளர்ந்து, விழாவின் பெயரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டியை மாண்டரேக்காரர்கள் 1971-ல் தொடங்கினார்கள். மிச்சப் பணம் பிள்ளைகளுக்கு என்று 1958-ல் போட்ட விதை மரமாகிவிட்டது. கோஷ்டியில் யார் யார் என்பதைவிட இதுவே முக்கியம். நட்சத்திரங்களை விலைக்கு வாங்கலாம். நட்சத்திரங்களை வளர்க்கிற விழாதான் நிலைக்கும்.

இந்தச் சங்கதி நமக்கும் தூரம் அல்ல. 1965-ல் மாண்டரே மேடையில் வாசித்துப் பெயர் பெற்றவர் ஜான் ஹேண்டி என்ற சாக்ஸபோன் வித்வான். 1980-ல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அவர் ஓர் இந்தியரின் சாக்ஸபோனைக் கேட்டு வியந்தார். அவரோடு சேர்ந்து வாசித்தார். அந்த இந்தியர் யார்? "டூயட்" படத்தில் சாக்ஸபோன் வாசித்து நம் வீடுகளில் எல்லாம் ஒலித்தாரே, அந்தக் கத்ரி கோபால்நாத்தான்!

2028-ல் மாண்டரே விழா தொடங்கி 70 ஆண்டு நிறையும். அன்று மேடை ஏறப்போகிற ஒரு பையனோ பெண்ணோ, இன்றைக்கு ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியத்தைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கலாம். அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரும், வாசிக்க ஒரு மேடையும் இருக்கும்வரை விழாவுக்கு வயதாகாது.