கொடி ஒண்ணா நின்னா போதுமா?

தோழர்களே!

1964-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசிய கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள், கட்சி இரண்டானது. 1970-ல் சிஐடியு உருவாக, தொழிற்சங்கமும் இரண்டானது. அன்றைய வேறுபாடுகள் சின்ன விஷயமில்லை. அதை மறைக்கவும் வேண்டாம்.

ஆனா, ஆலை வாசலில் நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு நம்ம பழைய கணக்கு எதுக்கு? 29 சட்டங்களை நான்கு தொகுப்பாகச் சுருக்கி, அவர் உரிமையில் கை வைக்கிறது ஒன்றிய அரசு.

2020 நவம்பர் 26 பொது வேலைநிறுத்தத்தில் ஏஐடியுசி, சிஐடியு, ஏஐசிசிடியு கொடிகள் ஒண்ணாத்தான் நின்றன. தெருவில் முடிந்த ஒற்றுமை, முகநூலைத் திறந்ததும் ஏன் காணாமப் போகுது?

விவாதிப்போம், நேருக்கு நேர். பின்னூட்டத்தில் இன்னொரு இடதுசாரித் தோழரை ஏசுவதை இன்றோடு நிறுத்துவோம். அடுத்த வாயிற்கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்க!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!