பங்குனியில் விற்ற வைக்கோல்

சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், கடைமடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஏக்கர் நஞ்சை. இந்த ஆண்டு கார் பருவத்துக்கு அவர்கள் மடையில் தண்ணீர் ஏறவில்லை. இனி பிசானத்தை நம்பித்தான் அடுப்பு எரிய வேண்டும். வீட்டில் மாமியாரோடு சேர்த்து ஐந்து பேர். ஐந்து மாதச் சினையில் ஒரு கறவை மாடு நிற்கிறது. பால் வற்றிவிட்டது. தீவனச் செலவு தாங்காமல் மாட்டை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். கல்லூரியில் படிக்கும் மகள் விற்கக் கூடாது என்கிறாள். சாண எரிவாயுக் கலன், அசோலாத் தொட்டி, மூங்கில் பல்துலக்கி, எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில், கடையில் விற்கும் இயற்கை மளிகை என்று ஒரு பட்டியலும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கையில் இருப்பது 10,000 ரூபாய். தனியார் அடகுக் கடையில் நகைக்கடனும் இருக்கிறது, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. “இந்தப் பணத்தை எதில் போட்டால் செலவும் குறையும், பிள்ளை சொல்வது போல வீடும் பசுமையாகும்?” என்பது கேள்வி.

கேள்வியோடு இரண்டு மாத வரவு செலவையும் பழைய நோட்டிலிருந்து எழுதி அனுப்பியிருக்கிறார். இது எல்லாரும் செய்வதில்லை. பதிலில் பாதி அந்த நோட்டிலேயே இருக்கிறது.

போன பங்குனியில் பிசான அறுவடை முடிந்ததும் ஒரு ஏக்கர் வைக்கோல் 100 கட்டு வந்திருக்கிறது. கேரள லாரி வந்து நின்ற அன்றைக்கே கட்டு 60 ரூபாய்க்கு மொத்தமும் போய்விட்டது. கைக்கு வந்தது 6,000. இப்போது ஆவணியில் அதே வைக்கோலைக் கட்டு 150 ரூபாய்க்கு வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள். அன்றைக்கு 40 கட்டை மட்டும் படப்பில் போட்டு மூடியிருந்தால் 2,400 ரூபாய் வரவு குறைந்திருக்கும், இன்றைக்கு 6,000 ரூபாய்ச் செலவு நின்றிருக்கும். இந்த வீட்டுப் பணம் ஒழுகுகிற ஓட்டை இங்கேதான் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் பல வீடுகளுக்கும் இதே கதை. அறுவடைச் செலவு, உரக்கடைப் பாக்கி, பிள்ளைக்குக் கட்டணம் எல்லாம் ஒரே வாரத்தில் கழுத்தைப் பிடிக்கும்போது படப்பு போட யாருக்கு மனம் வரும்? ஆகவே கணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வருகிற மாசி, பங்குனியில் லாரி வந்து நிற்பதற்கு முன்பே 40 கட்டைப் பிரித்து வைத்துவிட்டால் போதும்.

மாட்டை விற்கும் யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது. சினைமாட்டுக்குத்தான் சந்தையில் விலை. ஆனால் ஐந்து மாதச் சினை என்றால் மார்கழி கடைசியிலோ தையிலோ கன்று ஈனும். பிசான நெல் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே பால் பணம் வரத் தொடங்கும். நான்கு மாதம் தாண்டினால் போதும் என்ற நிலையில், அந்த நான்கு மாதத்தைச் செலவு குறைத்து ஓட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் விற்பது பற்றி முடிவெடுக்க வேண்டும்.

முடியும். அவர் எழுதியுள்ளபடி பிண்ணாக்கும் தவிடுமாக நாளைக்கு 2 கிலோ, 60 ரூபாய் ஆகிறது. பால் வற்றிய சினைமாட்டுக்கு இப்போதைக்கு ஒன்றரைக் கிலோ போதும். மாதம் 450 ரூபாய் மிஞ்சும். ஆனால் ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதத்தில் தீவனத்தைக் குறைக்கவே கூடாது, ஒரு கிலோவுக்குக் குறையாமல் கூட்டிக் கொடுக்க வேண்டும். அங்கே மிச்சம் பிடித்தால் கன்றிலும் பாலிலும் நட்டம் தெரியும்.

வைக்கோலை யூரியாவில் ஊட்டமேற்றுவது இந்த வீட்டுக்குப் பொருந்தும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகப் பரப்பி, கரைசலைத் தெளித்து, மிதித்து அமுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்றால், 4 கிலோவுக்கு 24 ரூபாய்க்குள் அடங்கும். எடுத்தவுடன் போடாமல் ஒரு மணி நேரம் ஆற விட்டு, முதல் வாரம் சாதா வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு ஆகாது. யூரியா கரைத்த தண்ணீர் மாட்டுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கவே கூடாது. குடித்தால் உயிர் போகும். மாடு சினையாக இருப்பதால், தொடங்கும் முன் கால்நடை மருந்தக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி மகள் கொடுத்த பட்டியல். சாண எரிவாயுவுக்குக் கணக்கு சுலபம். ஒரு கிலோ சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் வாயு. ஒரு கன மீட்டர் கலனுக்கே தினம் 25 கிலோ சாணம் வேண்டும். ஒரு மாடு போடுவது 10 கிலோ அளவுதான். மாதம் முழுக்கச் சேர்த்தாலும் ஐந்து கிலோ சமையல் வாயுவுக்கு ஈடாகும், 14.2 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மானியம் கிடைத்தாலும் ஒற்றை மாட்டு வீட்டுக்குக் கலன் பொருந்தாது. ஊருக்கு ஊர் பாதி உடைந்து, கோழி அடைக்கும் தொட்டியாக நிற்கும் கலன்களைப் பார்த்தாலே தெரியும். இரண்டு மூன்று மாடு சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அசோலாவைப் பற்றி ஆசை காட்டிப் பேசுகிறவர்கள் அதிகம். காய்ந்த எடையில் நல்ல புரதம் உண்டு என்பது உண்மை. ஆனால் பச்சையாக 2 கிலோ போட்டால் அதில் 90 பங்குக்கு மேல் தண்ணீர். மிஞ்சுவது கால் கிலோவுக்கும் குறைவு. கோழிக்குப் போடலாம். மாட்டுத் தீவனச் செலவை அது பாதியாக்கும் என்று நம்பித் தொட்டி கட்ட வேண்டாம். அதற்குப் பதில் அங்கணத்துத் தண்ணீர் ஓடும் வழியில் கோ-4 கம்பு நேப்பியர் கரணை பத்து நட்டால், முதல் அறுப்பு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒன்று. சோப்புத் தண்ணீர் ஒரே இடத்தில் தேங்காமல் வாரம் ஒரு பக்கம் திருப்பிவிட வேண்டும். வேலியில் அகத்தியும் முருங்கையும் நின்றால் மாட்டுக்கும் வீட்டுக்கும் ஆகும்.

மூங்கில் பல்துலக்கியும் இயற்கை மளிகையும் இந்தக் குடும்பத்துக்கு இப்போது வேண்டாத செலவு. ஒன்றை வாங்கினால்தான் பசுமை என்பது கடைக்காரருக்கு வசதியான பேச்சு. ஓலைப்பெட்டி, சுளவு, பத்தமடைப் பாய், மண்சட்டி இவையெல்லாம் மாமியார் அறையில் பரண் மேல் இருக்கும், இறக்கித் துடைத்தால் போதும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது 2021 டிசம்பர் 23-ல். பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்துத் தைத்தால் அதே பை காசில்லாமல் நாலு கிடைக்கும்.

ஆனால் மகள் பட்டியலில் இல்லாத இரண்டு விஷயம் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் வருகிறது. பூச்சிமருந்து டப்பாவை நன்றாகக் கழுவி அதில் உப்பும் புளியும் போட்டு வைத்திருக்கிறார்கள். வெந்நீர் அடுப்பை மூட்ட பிளாஸ்டிக் பையைக் கொளுத்துகிறார்கள். இரண்டுமே சிக்கனம் என்று நினைத்துச் செய்வதுதான். மருந்து டப்பா எத்தனை முறை கழுவினாலும் சமையலறைக்கு வரக் கூடாது, பிளாஸ்டிக் சுவருக்குள் மருந்து ஏறி நிற்கும். கடிதம் எழுதிய அம்மா இதைப் படித்த அன்றே அந்த உப்பையும் புளியையும் கொட்டிவிட வேண்டும், மாட்டுக்கும் வைக்க வேண்டாம். இனிமேல் மருந்து தீர்ந்ததும் டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலில் அடித்துவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டுத் தனியே வைக்க வேண்டும். வாய்க்காலில் அலசுவது, அடுத்த மடைக்காரர் வீட்டுப் பிள்ளை குளிக்கும் தண்ணீரில் மருந்து ஊற்றுவதற்குச் சமம்.

பிளாஸ்டிக் புகை குனிந்து ஊதுகிற பெண்ணின் நெஞ்சுக்குத்தான் முதலில் போகிறது. சாம்பல் எருக்குழிக்கும், அங்கிருந்து வயலுக்கும் போகும். பனைமட்டை, தேங்காய்ச் சிரட்டை, உளுந்துத் தட்டை இல்லாத வீடா அது? குளிக்கிற தண்ணீரை மதியம் கருப்புக் குடத்தில் முற்றத்து வெயிலில் வைத்தால், இந்தச் சீமையில் வருடத்தில் பாதி நாள் அடுப்பே மூட்ட வேண்டாம். மக்காத குப்பையைத் தனியாகச் சேர்த்து ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் கொடுத்துவிடலாம். திருநெல்வேலி மாநகராட்சியில் புதன்கிழமைதோறும் மக்காத குப்பையை மட்டும் தனியே வாங்கும் முறை வந்தபோது, வீட்டில் ஒரு சாக்கைத் தனியாகக் கட்டித் தொங்கவிடும் பழக்கம் வந்தது. கிராமத்துக்கு அது இன்னும் எளிது.

துணி பற்றியும் ஒரு வரி. அடுத்த மாதம் மாமனார் திதிக்குப் பாபநாசம் போகப் போவதாக எழுதியிருக்கிறார். உடுத்திய துணியை ஆற்றில் விடுவது பரிகாரம் என்று சொல்லி விட்டுவிட்டு வருகிறார்கள். டன் கணக்கில் அள்ளி எடுக்கிறார்கள், திரும்பவும் சேருகிறது. அந்தத் தண்ணீர்தான் கன்னடியன் தலைமதகு வழியாக இவர்கள் வயலுக்கு வருகிறது. துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்தால் மாட்டுத்தொழுவுக்குச் சாக்குத்துணி ஆகும்.

10,000 ரூபாய்க்கு வருவோம். மேய்ச்சலும் வரப்புப் புல்லும் பாதி ஈடுகொடுக்கும் என்று வைத்தால், மாசி வரைக்கும் 30 கட்டு வைக்கோல் போதும், 4,500 ரூபாய். தார்ப்பாயும் யூரியாவும் 500. மீதி 5,000-ஐ நகைக்கடன் அசலில் கட்டினால் மாதம் 100 ரூபாய் வட்டி குறையும். வருடத்துக்கு 1,200. பட்டியலில் உள்ள எந்தப் பொருளும் இவ்வளவு உறுதியாகத் திருப்பித் தராது. பிசானச் செலவுக்கு மறுபடி அடகுக் கடைப் படி ஏறாமல், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு இப்போதே அடங்கலும் சிட்டாவும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். உரிய தேதிக்குள் திருப்பிக் கட்டினால் அதற்கு வட்டி இல்லை.

தரிசாகக் கிடக்கும் வயலில் ஒரு மழை விழுந்ததும் கொழிஞ்சி விதைத்துவிடலாம். ஆடு மாடு வாய் வைக்காது, வறட்சி தாங்கும், பிசான உழவில் மடக்கி உழுதால் தழைச்சத்து. தண்ணீர் திறந்து பத்து நாளில் நடவு என்று அவசரப்பட வேண்டியிருந்தால் மட்டும் அதை விட்டுவிட்டு, எருக்குழியில் இருப்பதைப் பரப்பிக்கொள்ளலாம்.