கேமராவின் மௌனத்துக்கு லினக்ஸ் பொறுப்பல்ல

"லினக்ஸ் போட்டால் கேமரா எடுக்காது." கணினி பழுதுபார்க்கும் கடைகளில் இன்றும் கேட்கும் வாசகம் இது. தீர்ப்பைப் போல் சொல்லப்படுகிறது; யாரும் மேல்முறையீடு செய்வதில்லை. ஆனால் இத்தீர்ப்பு எழுதப்பட்ட காலம் வேறு. இதனால் தண்டிக்கப்படுவோரும் குற்றவாளிகள் அல்லர்.

யார் தண்டிக்கப்படுகிறார்கள்? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். கல்யாண் கிழக்கின் சால் வீட்டிலோ தாராவியின் மாடியறையிலோ பத்தாண்டுகளாகப் பழுதின்றி ஓடும் மேசைக்கணினி ஒரே நாளில் 'பழையது' ஆகிவிட்டது. அக்குடும்பத்தின் முன் உள்ள வழிகள் இரண்டு: கடன் வாங்கிப் புதிய கணினி வாங்குவது, அல்லது அதே கணினியில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவுவது. இரண்டாவது வழியின் வாசலில்தான் அந்தக் கேமரா வாசகம் காவல் நிற்கிறது. இணையவழி வகுப்பு, வேலைக்கான நேர்காணல், திருநெல்வேலியில் இருக்கும் பாட்டியின் முகம் ஆகிய அனைத்தும் அந்தச் சிறு கண்ணாடி வில்லை வழியாகவே வருகின்றன. ஆதலால் இதனைச் சிறு தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

அவ்வாசகம் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் கேமராவுக்கெனத் தனி மொழியை வைத்திருந்தது. அம்மொழியின் இலக்கணத்தை வெளியிட மறுத்தது. பிலிப்ஸ் கேமராக்களின் வரலாறு இதற்குத் தக்க சான்று. நெமோசாஃப்ட் என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் அவற்றுக்கான லினக்ஸ் இயக்கியைப் பராமரித்தார். ஆனால் படத்தின் சுருக்கத்தை விரிக்கும் பகுதி, நிறுவனத்துடன் செய்துகொண்ட இரகசியக் காப்பு ஒப்பந்தத்தால் மூடப்பட்டிருந்தது. அம்மூடிய பகுதியை இணைப்பதற்கென்றே இருந்த கொக்கி 2004-இல் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. அவரும் தம் இயக்கியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னர் லூக் சையார் என்னும் நிரலாளர் அச்சுருக்க முறையைத் தாமே ஆராய்ந்து திறந்த வடிவில் எழுதிய பிறகே அந்தக் கேமராக்கள் மீண்டன. அதே காலத்தில் மிஷேல் சார் என்ற பிரெஞ்சு மருத்துவர், தம் ஓய்வு நேரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கேமராக்களுக்கான இயக்கிகளை உருவாக்கினார். நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து ஒருவர் இரவில் செய்த வேலையை, கோடிகளில் புரளும் நிறுவனங்கள் ஓர் ஆவணத்தை வெளியிட்டுச் செய்திருக்கலாம். செய்யவில்லை. பழி மட்டும் லினக்ஸின் மேல் விழுந்தது.

நிலைமையை மாற்றியது பொதுத்தரம். எல்லாக் கேமராக்களும் ஒரே மொழியில் பேச வேண்டும் என்னும் யு.வி.சி. தரத்தின் முதல் பதிப்பு 2003-இல் வெளிவந்தது. லோரான் பின்ஷார் எழுதிய யு.வி.சி. இயக்கி 2008-இல் 2.6.26 பதிப்பில் லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது. விஸ்டாவின் சான்று முத்திரைக்கு இத்தரத்தை மைக்ரோசாஃப்ட் நிபந்தனையாக்கியதும் உற்பத்தியாளர்கள் வரிசையில் நின்றார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: மனம் மாறி எவரும் திறக்கவில்லை, நிபந்தனை வந்தபோது திறந்தார்கள்.

அதன் பயனாக, இன்று கடையில் விற்கும் யு.எஸ்.பி. கேமராக்களில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸ் கணினியில் செருகிய உடனே இயங்குகின்றன. குறுந்தகடு வேண்டாம், தனி இயக்கி வேண்டாம். இயங்காதபோதும் காரணம் பெரும்பாலும் எளியது. 4.16 பதிப்புக்குப் பின் ஒரே கேமரா வீடியோ0, வீடியோ1 என இரு பெயர்களில் தோன்றுவது வழக்கம். இரண்டாவது மீத்தரவுக்கானது, அதில் படம் வராது. தவறான பெயரைத் தேர்ந்தவர் கேமரா செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார். படம் தடுக்கித் தடுக்கி வந்தால் அதற்கும் கணக்கு உண்டு. 1280×720 அளவில் நொடிக்கு 30 சட்டகங்களைச் சுருக்காமல் அனுப்ப ஏறத்தாழ 55 மெகாபைட் தேவை, யு.எஸ்.பி. 2.0 வழி ஒரு கேமராவுக்குத் தரக்கூடியது அதில் பாதிகூட இல்லை. செயலியின் அமைப்பில் எம்.ஜே.பெக் வடிவத்தைத் தேர்ந்தால் படம் சீராகும். இவை ஐந்து நிமிடத்தில் கற்றுத்தரக்கூடியவை. கற்றுத்தராமல் "எடுக்காது" என்று சொல்லி அனுப்புவது அறியாமை. தெரிந்தும் சொல்வது வணிகம்.

"சாதாரண மனிதருக்கு இவையெல்லாம் எதற்கு? விண்டோஸில் தானாக வேலை செய்கிறதே" என்பர் சிலர். யு.வி.சி.க்கு முந்தைய கேமரா ஒன்றை இன்றைய விண்டோஸில் செருகிப் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். உற்பத்தியாளர் கைவிட்ட அத்தகைய சாதனங்கள் பலவற்றுக்கு அங்கே இயக்கி கிடையாது. அந்த மருத்துவரின் உழைப்பிலிருந்து வளர்ந்த இயக்கிகளோ கெர்னலுக்குள் இன்றும் இருக்கின்றன. தானாக வேலை செய்வது என்பது உற்பத்தியாளரின் விருப்பம் நீடிக்கும்வரை வேலை செய்வது என்று பொருள்பட்டால், அது உரிமை அன்று, சலுகை.

பழைய நோய் புதிய உடலில் திரும்பியும் இருக்கிறது. அண்மைக்கால மடிக்கணினிகள் சிலவற்றில் உள்ள கேமராக்கள் யு.எஸ்.பி. வழியே வருவதில்லை; இன்டெலின் ஐ.பி.யு.6 என்னும் படச் செயலகம் வழியே வருகின்றன. அதற்கான அடிப்படை இயக்கி 2024-இல் 6.10 பதிப்பில்தான் கெர்னலுக்குள் வந்தது. படத்தைச் செம்மைப்படுத்தும் பகுதி இன்னும் முழுமையாகத் திறக்கப்படவில்லை. இன்னொரு வாசலும் அடைபட்டுள்ளது. தேர்வுக்கெனப் பரவலாகப் பயன்படும் சேஃப் எக்ஸாம் பிரவுசர் தானே கட்டற்ற மென்பொருளாக இருந்தும் விண்டோஸ், மேக், ஐ.ஓ.எஸ். ஆகியவற்றுக்கு மட்டுமே கிடைக்கிறது. கேமரா தயார், கணினி தயார், மாணவி தயார். ஆனாலும் அவள் வெளியே நிற்க வேண்டும்.

தீர்வு தொலைவில் இல்லை. இந்திய அரசு 2010-இல் திறந்த தரங்களுக்கும் 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கும் கொள்கை அறிவித்தது. செம்பூரை அடுத்த மான்குர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. பவாயில் மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழிலும் தருகிறது. அறிவும் இருக்கிறது, கொள்கையும் இருக்கிறது. கொள்முதல் ஆவணத்தில் ஒரு வரிதான் வேண்டும்: பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கேமராவும் பொதுத்தரத்தைப் பின்பற்ற வேண்டும், ஒவ்வொரு தேர்வு மென்பொருளும் கட்டற்ற இயங்குதளத்திலும் இயங்க வேண்டும். 2008-இல் ஒரு நிறுவனம் தன் முத்திரைக்காக விதித்த நிபந்தனையை, ஓர் அரசு தன் மாணவர்களுக்காக விதிக்க இயலாதா?

அதுவரை, கடையில் கேமரா வாங்குவோர் விலைக்கு முன்பாக ஒரு கேள்வி கேட்கட்டும்: "இது யு.வி.சி. கேமராவா?" பலரும் கேட்கத் தொடங்கினால், "லினக்ஸில் எடுக்காது" என்னும் பழைய தீர்ப்பைக் கடைக்காரரே திருத்தி எழுதுவார்.