குற்றவாளிக்கும் வைத்தியம் உண்டா? உண்டு!



நெஞ்சைப் பதற வைக்கும் ஒரு செய்தி வந்தால் போதும், கூடவே ஒரு குரலும் வருகிறது. "பச்சப்புள்ளைய சீரழிச்சவனுக்கும், கள்ளச்சாராயம் வித்து ஊரையே கொன்னவனுக்கும் நம்ம வரிப்பணத்துல வைத்தியமா? காப்பீட்டு அட்டையைப் பிடுங்குங்க!" நம்ம தோழர்கள் சிலரே இப்படிக் கேட்கிறார்கள்.

கோபம் நியாயம். கோரிக்கை தப்பு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு யாருக்கு? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. அதில் ஒருவன் பெயரை அடித்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கடன் வாங்கிக் கட்டப்போவது யார்? தாலியை அடகு வைக்கும் அவன் மனைவி. படிப்பை நிறுத்தும் அவன் மகள். அவர்கள் செய்த குற்றம் என்ன?

அதே குற்றத்தைச் செய்த பணக்காரன்? அவன் கார்ப்பரேட் மருத்துவமனையில் ஏசி அறையில் படுத்துக்கொள்வான். இந்தத் தடை அவனைத் தொடாது. ஆக, இது குற்றத்துக்கான தண்டனை இல்லை. ஏழ்மைக்கான தண்டனை.

காசநோயோடு சிறையிலிருந்து வருபவனுக்கு மருந்து இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? பாதியில் நின்ற சிகிச்சை, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறலாம். அவன் ஏறும் பஸ்ஸில்தான் நம்ம பிள்ளைகளும் ஏறுகிறார்கள். கிருமி குற்றப்பத்திரிகை பார்த்துத் தொற்றுவதில்லை.

1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கை நினைத்துப் பாருங்கள். கார் மோதி அடிபட்ட ஸ்கூட்டர்காரரை, போலீஸ் கேஸ் என்று சொல்லி வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போனது. உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நிரபராதியோ குற்றவாளியோ, உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை. தண்டனை கொடுக்க நீதிபதி இருக்கிறார். அந்த வேலையை டாக்டரிடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இன்று பட்டியலில் பாலியல் குற்றவாளி. நாளை அதில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யப்போவது ஆட்சியில் இருப்பவர்கள். மறியல் செய்து தண்டனை வாங்கிய நம்ம தோழர் பெயர் அதில் வராது என்று யார் உத்தரவாதம் தருவார்?

அப்படியானால் கோபத்தை எங்கே காட்டுவது?

பாலியல் வன்கொடுமைக்கும் ஆசிட் வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லா மருத்துவமனைகளும் உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊர் மருத்துவமனையில் அது நடக்கிறதா? போய்க் கேளுங்கள். இல்லையென்றால் அங்கே நம் கொடி நிற்கட்டும். வழக்கு வேகமாக முடிய வேண்டும், தண்டனை உறுதியாக வேண்டும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இழப்பீடு காலத்தோடு வந்து சேர வேண்டும். இதற்காகத் தெருவில் இறங்குவோம்.

குற்றவாளிக்குச் சிறை. நோயாளிக்கு மருந்து. இரண்டையும் குழப்ப விடமாட்டோம்!

#மருத்துவம்_மக்கள்_உரிமை