விழா நாளும் கடைத்தெருவும்

மனித வாழ்வு உழைப்பும் ஓய்வும் மாறி மாறி வரும் இயல்பினது. நாள்தோறும் ஓய்வின்றி உழைப்போர்க்கு உடல் தளரும், உள்ளமும் சோர்வுறும். அச்சோர்வைப் போக்கி, உற்றார் உறவினரோடு கூடி மகிழவும், தாம் வணங்கும் தெய்வத்தை வழிபடவும் அமைந்தவையே விழா நாட்கள். பொங்கல், தீபாவளி, இரம்சான், கிறிஸ்துமஸ் முதலிய திருநாட்களில் பள்ளிகள் மூடப்படுகின்றன, அலுவலகங்களும் மூடப்படுகின்றன. கடைத்தெரு மட்டும் அந்நாட்களில் திறந்திருக்கலாமா, அன்றி அதுவும் அடைபடவேண்டுமா என்னும் வினா பல நாடுகளில் நெடுங்காலமாக எழுந்து வருகின்றது.

அடைத்தல் வேண்டும் என்போர் சமயப் பற்றினைக் காரணமாகக் காட்டுவர். திருநாள் புனிதமானது, அந்நாளில் பொருளீட்டும் எண்ணத்தை விடுத்து இறைவனை நினைத்தலே முறை என்பது அவர் கருத்து. இக்கருத்து மிகப் பழையது. உரோமப் பேரரசனாகிய கான்ஸ்டன்டைன் கி.பி. 321ஆம் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் நகரமாந்தரும் நீதிபதிகளும் தொழிலை நிறுத்தி ஓய்ந்திருத்தல் வேண்டும் என ஆணையிட்டான். பயிர்த்தொழிலுக்குரிய பருவம் தவறிவிடலாகாது என்பதற்காக உழவர்க்கு மட்டும் அவ்வாணையிலிருந்து விலக்களித்தான். ஓய்வு நாளுக்கு விதி செய்த அன்றே, விலக்கும் வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது.

திறத்தல் வேண்டும் என்போர் கூறும் காரணங்களும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. பல சமயத்தார் கூடி வாழும் நாட்டில் ஒரு சமயத்தார்க்குத் திருநாளாய் இருப்பது மற்றையோர்க்கு வெறும் நாளே. எல்லாச் சமயங்களின் எல்லா விழாக்களுக்கும் கடையடைப்பதானால் ஆண்டில் எத்துணை நாட்கள் வாணிகம் நிற்கும்? ஒரு சமயத்தின் விழாவிற்கு மட்டும் அடைப்பதானால் மற்றவர்க்கு நீதி எங்கே? மேலும், விழாவே சிலர்க்குப் பிழைப்பாக உள்ளது. ஆயுத பூசைக்குப் பொரியும் கடலையும் விற்பவர், பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் கொணர்பவர், கோயில் வாயிலில் பூத்தொடுத்து விற்கும் எளிய மகளிர் ஆகியோர்க்கு ஆண்டில் நல்ல வருவாய் கிடைக்கும் நாட்கள் அவைதாமே? விழாவும் வாணிகமும் தமிழ்நாட்டில் என்றும் பகைத்து நின்றதில்லை. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. புகார் நகரத்து இந்திரவிழாவைப் பாடும் சிலப்பதிகாரம், அந்நகரின் நாளங்காடியையும் அவ்விழாவோடு சேர்த்தே காட்டுகின்றது. ஆகவே விழா நாளில் விற்றல் பாவம் எனக் கூறுவது இந்நாட்டு மரபுக்கும் பொருந்தாது.

இவ்விரு சாராரும் வாதிடும்பொழுது ஒருவரை மறந்துவிடுகின்றனர். முன்னவர் இறைவனைப் பற்றிப் பேசுகின்றனர். பின்னவர் வாங்குவோரையும் விற்பனை முதலாளியையும் பற்றிப் பேசுகின்றனர். கடைக்குள் நின்று பணிபுரியும் ஊழியரை எவரும் நினைப்பதில்லை. தீபாவளிக்கு முந்திய நாட்களில் பெருநகரத் துணிக்கடைகளைக் காண்போர், திரளும் மக்களையும் குவியும் புடைவைகளையும் கண்டு வியப்பர். அப்புடைவைகளை நூறு முறை விரித்து நூறு முறை மடிக்கும் கைகளைப் பலரும் காண்பதில்லை. அவ்வூழியருட் பலர் தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்போர். அடுத்தவர் வீட்டுக் குழந்தைக்குப் புத்தாடை எடுத்துக் கொடுக்கும் அவர், தம் வீட்டுக் குழந்தை புத்தாடை உடுத்துவதைக் காணும் வாய்ப்பைப் பெறவேண்டாவா? நாள் முழுதும் நின்றுகொண்டே பணிபுரியும் இவர்களுக்கு அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இருக்கையே சட்டத்தின் துணைகொண்டு வரவேண்டியிருக்குமானால், திருநாள் ஓய்வு கேளாமலே வந்துவிடும் என எண்ணலாமா?

எனவே, கடையடைப்பு எதன் பொருட்டு என்பதே தலையாய வினா. இதனைத் தெளிவாக விளக்கும் இரண்டு தீர்ப்புகள் கனடா நாட்டில் வழங்கப்பட்டன. அந்நாட்டில் 1906ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையைக் கிறித்தவர்தம் புனித நாளாகக் கொண்டு, அன்று வாணிகம் நடத்துவதைத் தடை செய்தது. 1982ஆம் ஆண்டில் கால்கரி நகரில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த கடையொன்றின்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஒரு சமயத்தின் புனித நாளைப் பிற சமயத்தாரும் கடைப்பிடிக்குமாறு வற்புறுத்துவது சமய உரிமைக்கு மாறானது எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

அடுத்த ஆண்டிலேயே அந்நீதிமன்றத்தின் முன் வேறொரு வழக்கு வந்தது. ஒன்டாரியோ மாகாணத்துச் சட்டமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சில்லறைக் கடைகளை மூடச் சொல்லியது. ஆயின் அதன் நோக்கம் வழிபாடு அன்று. கடை ஊழியர்க்குப் பொதுவானதோர் ஓய்வு நாள் கிடைக்க வேண்டும் என்பதே. தம் சமய முறைப்படி சனிக்கிழமையன்று கடையை அடைப்போர், ஏழு பேருக்கு மிகாத ஊழியரும் 5,000 சதுர அடிக்குக் குறைந்த பரப்பும் உடைய சிறுகடையினராயின், ஞாயிறன்று திறக்கவும் அச்சட்டம் இடந்தந்தது. 1986ஆம் ஆண்டில் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இரண்டு சட்டங்களும் கடையடைக்கச் சொன்னது ஒரே கிழமையில்தான். முன்னதைச் சமய வற்புறுத்தல் வீழ்த்தியது. பின்னதை ஊழியர் நலம் காத்தது.

இந்தியாவிலும் இந்நோக்கு வேரூன்றியுள்ளது. பஞ்சாபில் வாரத்தில் ஒரு நாள் கடையடைக்க வேண்டும் என்னும் சட்டத்தை எதிர்த்துக் கடைக்காரர் ஒருவர் வழக்காடினார். தம் கடையில் கூலியாள் எவரும் இலர். தாமும் தம் குடும்பத்தாருமே உழைப்பதால் அச்சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் வாதம். உழைக்கும் உரிமையாளரின் நலமும் சமுதாயத்தின் நலமே எனக் கொண்டு, 1960ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் வேலை நேரத்தையும் வார ஓய்வையும் வரையறுத்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டு விழா நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையாக வழங்க வகை செய்தது. அவ்வைந்து நாட்கள் எவை என்பதைச் சட்டம் தானே கட்டளையிடவில்லை. முதலாளியும் தொழிலாளியும் கலந்து பேசியபின் வரையறுக்குமாறு விட்டது. எச்சமயத்தையும் உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் ஓய்வை மட்டும் உறுதி செய்த நல்ல ஏற்பாடு இது. பின்னர், பத்துப் பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட கடைகள் ஆண்டின் எல்லா நாட்களிலும் இரவு பகலாகத் திறந்திருக்க அரசு 2019ஆம் ஆண்டில் இசைவளித்து, 2022ஆம் ஆண்டில் அவ்விசைவை நீட்டித்தது. ஊழியர் ஒவ்வொருவர்க்கும் முறைவைத்து வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்னும் நிபந்தனையும் அதனோடு வந்தது.

முறைவைத்துத் தரும் ஓய்வு இருக்கும்பொழுது திருநாளில் கடையை அடைக்க வேண்டுவதில்லை எனச் சிலர் கூறக்கூடும். திருநாளில் உழைப்போர்க்கு இரட்டை ஊதியம் கொடுத்தால் அவரே மனமுவந்து வருவர் என்றும் உரைப்பர். இவ்வாதம் முழுதும் பொருந்தாது. செவ்வாய்க்கிழமை கிடைக்கும் ஓய்வில் ஒருவர் உறங்கலாம், துணி துவைக்கலாம், ஆனால் அன்று அவர் பிள்ளை பள்ளியில் இருக்கும், மனைவியோ கணவனோ வேலைக்குச் சென்றிருப்பர். எல்லோரும் ஒருங்கே ஓய்ந்திருப்பதனாலன்றோ திருநாள் திருநாளாகின்றது? அன்றியும், முதலாளி 'வருகிறாயா?' என வினவும்பொழுது 'வரவில்லை' என விடையிறுக்கும் துணிவு எத்தனை ஊழியர்க்கு உண்டு? வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தில் கொடுக்கும் இசைவு உண்மையான இசைவாகாது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கின், நடுவுநிலை வழி ஒன்று புலப்படும். பலரைக் கூலிக்கு அமர்த்தி நடத்தும் பெருங்கடைகள் ஆண்டில் ஒரு சில பெருந்திருநாட்களிலேனும் அடைபடுதல் வேண்டும். தாமும் தம் குடும்பத்தாருமாய் நடத்தும் சிறுகடைகள் அந்நாட்களில் திறப்பதும் அடைப்பதும் அவரவர் விருப்பம்; வார ஓய்வு தனியே இருப்பதால் அவர் உடல்நலமும் கெடாது. தம் சமயத் திருநாள் வேறாக உள்ள சிறுவணிகர்க்கும் பூக்காரிக்கும் இதனால் இடர் நேராது. மருந்துக்கடை, பாற்கடை போன்றவை முறைவைத்துத் திறந்திருக்க வேண்டும். நோய் பண்டிகை பார்த்து வருவதில்லை. ஏனைய ஊழியர்க்குத் தம் தம் சமயத் திருநாளில் ஓய்வு பெறும் உரிமையும் வேண்டும். இவ்வழி புதிதன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெருங்கடைகள் கிறிஸ்துமஸ் நாளில் வாணிகம் செய்வதைத் தடுத்தது. சிறுகடைகளை அது தடுக்கவில்லை.

பெருங்கடைகளை அடைத்தால் வாணிகம் குன்றும் என அஞ்சுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. தீபாவளிக்கு ஆடை வாங்க விரும்புவோர், தீபாவளியன்று கடை இல்லையெனின் அதற்கு முன்பே வாங்கிக்கொள்வர். ஆடையின் தேவை ஒரு நாள் அடைப்பால் மறைந்து போவதில்லை. எல்லாப் பெருங்கடைகளும் ஒருசேர அடைபடுமாயின், அடுத்த கடைக்கு வாங்குவோர் சென்றுவிடுவரே என்னும் போட்டியும் ஒழியும். தனியொரு வணிகர் நல்லெண்ணத்தோடு அடைக்க விரும்பினும் இப்போட்டியே அவரைத் தடுக்கின்றது. பொதுவிதி இருப்பின் நல்லெண்ணம் உடையவர்க்கு நட்டம் இராது.

சட்டம் செய்யக்கூடியது இவ்வளவே. எஞ்சியது பொருள் வாங்கும் மக்களின் கையில் உள்ளது. திருநாளன்று கடைப்படி ஏறும் ஒவ்வொருவரும், அப்பொருளை நேற்றே வாங்கியிருக்கலாகாதா என ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராயின், பல ஊழியர் அன்று தம் வீட்டில் இலைபோட்டு அமர்ந்து உண்பர். தாம் மகிழும் நாளில் பிறரும் மகிழ வேண்டும் என்னும் எண்ணமே எல்லாச் சமயத்து விழாக்களுக்கும் பொதுவான அறம். அவ்வறத்தைக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் போற்றுவோர், கடைத்தெருவிலும் போற்றுதல் கடன்.